ரவுண்டானா அக்கா

ஒரு காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, எதிரே காலியாகக் கிடக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "போங்கக்கா, ஒருத்தரும் வரல, போங்க" என்று கெஞ்சியிருக்கிறீர்களா? நான் கெஞ்சியிருக்கிறேன். ஒன்று விட்டு ஒரு நாள், குளித்த தலை காய்வதற்குள்.

"தோ வருது பாரு" என்பார் அக்கா.

வரும். வலப்பக்கத் தெருக்கோடியில் பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று ஆடி ஆடி வரும். அது எங்களைப் பார்த்து மிரண்டு, இந்தக் கார் எதற்கு இப்படி நிற்கிறது என்று புரியாமல் தானும் நின்றுவிடும். பால்காரர் கையை ஆட்டி "போங்கம்மா" என்பார். அக்கா கண்ணாடியை இறக்கி, "நீங்க போங்க, நீங்கதான் வலப்பக்கம்" என்பார். "பரவால்ல, நீங்க போங்க." "இல்ல, உங்க முறை." பின்னால் ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து ஹாரன் அடிக்கும். முன் சீட்டில் மாமா இடது கையால் டேஷ்போர்டை அறைந்து "போ! போ!" என்பார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

அந்த ரவுண்டானாவை யார் கட்டியது, எந்த ஆபீஸ் உத்தரவு கொடுத்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கடலூரில், கூத்தப்பாக்கம் தாண்டி, எங்கள் நகரின் நான்கு தெருக்கள் கூடும் இடம். ஒரு நாள் காலையில் பார்த்தால் நடுவில் கிணற்றுச் சுவர் மாதிரி ஒரு சிமெண்டு வளையம். அதற்குள் மண் கொட்டி ஒரு அரளிச் செடி. சுற்றிலும் பளபளவென்று போர்டுகள். சரி, நமக்கும் ஒரு ரவுண்டானா வந்துவிட்டது என்று எல்லாரும் ஒரு நாள் பெருமைப்பட்டோம். மறுநாளிலிருந்து, வலப்பக்கம் திரும்ப வேண்டியவர்கள் எதற்கு வேலை கெட்டு இதைச் சுற்ற வேண்டும் என்று குறுக்கே திரும்ப ஆரம்பித்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை, நானும் பைக்கில் போனால் அப்படித்தான் போவேன்.

பிறகு பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள். பிடுங்கிப் போட்ட போர்டுகளை, மூடிவிட்டுப் போகும்போது கைக்கு வந்தபடி நட்டார்கள். வளைந்த அம்புக்குறி போட்ட நீல போர்டு ஒரு வீட்டுக் காம்பவுண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இடப்பக்கம் போகச் சொல்லும் போர்டின் ஆணி கழன்று, அம்பு தரையைக் காட்டும். மூன்றாவது, எங்கள் தெரு முனையில் இருந்தது, தலைகீழாக ஒரு முக்கோணம், சிவப்பு விளிம்பு. அதைக் குடும்பக் கட்டுப்பாடு போர்டு என்றுதான் நகர் முழுக்க நம்பினோம். ஆஸ்பத்திரிச் சுவரில் சின்ன வயதிலிருந்து பார்த்த முக்கோணம்தானே? புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வாடகைக்கு வீடு பார்க்க வந்தபோது, பெண்ணின் அம்மா அந்த போர்டைப் பார்த்துவிட்டு இந்தத் தெருவே வேண்டாம் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். நிஜமாகவே நடந்தது என்று என் மனைவி சத்தியம் செய்வாள்.

"வழி விடுன்னு அர்த்தம்பா அதுக்கு" என்று அக்கா ஒருவர்தான் சொன்னார். யார் கேட்டார்கள்?

அக்கா முதுநகர் பக்கம் ஒரு தபால் ஆபீஸில் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கயிறு. சத்தம் போட மாட்டார். "அடுத்தது யாரு?" என்று ஒரே குரலில் காலையிலிருந்து சாயந்திரம் வரை கேட்பாராம். யாராவது பக்கவாட்டில் கையை நீட்டினால் அந்தக் கை அங்கேயே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பெரிய மனிதர், சின்ன மனிதர் கிடையாது. வரிசை, வரிசைதான்.

அக்காவின் வீட்டுக்காரரைத்தான் நான் மாமா என்கிறேன். கடலூர் – சிதம்பரம் ரூட்டில் அரசு பஸ் ஓட்டியவர். ஆலப்பாக்கத்தில் ஹாரனில் வைத்த கையை பி.முட்லூரில்தான் எடுப்பார் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து எவனுக்கும் வழி விட்டு அறியாதவர். ஒரு தடவை அவசரமாக ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்ப வேண்டி, பஸ்ஸை ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையோடு நேராகக் கவுண்டருக்குப் போயிருக்கிறார். அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வரிசைல வாங்க" என்றாராம். பஸ்ஸுக்குள் இருந்த சனம் கத்துகிறது, கண்டக்டர் விசில் ஊதுகிறார், மாமா வரிசையில் நிற்கிறார். இந்தக் கதையை மாமாவே சொல்லிச் சிரிப்பார். "என் ஓட்டத்த நிறுத்துன ஒரே சிக்னல் இவதான்டா" என்பார்.

அது அவருக்கு வாய் இருந்த காலம். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியது: போ. சோறு வேண்டுமென்றால் போ, வேண்டாம் என்றாலும் போ, கொசு கடித்தால் போ. சிலருக்கு இப்படி ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். ஆயுசு முழுக்க எதிரே வந்தவனிடம் எல்லாம் அதைத்தானே சொன்னார், அது மட்டும் எப்படிப் போகும்?

அண்ணாமலை நகர் மெடிக்கல் காலேஜில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். அவரிடம் மட்டும்தான் மாமா கையை நீட்டுவார், வேறு யார் தொட்டாலும் அடிப்பார். ஒன்று விட்டு ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாடகைக் கார்க்காரர்கள் ஆள் இருக்கிற நிலையைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை போனை எடுக்க மாட்டார்கள். ஒரே மகள் கோயம்புத்தூரில். அக்கா யாரையும் கேட்காமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். இந்த வயதில் ஏன் இந்த வேண்டாத வேலை என்று நகரில் சிரிக்காத ஆள் இல்லை. லைசன்ஸ் வாங்கினார், பழைய கார் ஒன்று வாங்கினார், அடுத்த வாரமே மாமாவை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டார்.

எனக்கு அண்ணாமலை நகரில் ஹாஸ்டல்கள் பக்கம் ஜெராக்ஸ், பைண்டிங் கடை. எப்படியும் தினம் போகிறவன்தானே, மாமாவைத் தூக்கி இறக்க ஒரு கை ஆகட்டும் என்று அக்கா கூப்பிட்டார். பஸ் நெரிசல் மிச்சம் என்று நானும் ஏறினேன். ஏறின பிறகுதான் தெரிந்தது. கடை திறக்க நேரமாகிவிட்டது என்று தீசிஸ் பையன்கள் போனில் கத்திக்கொண்டிருப்பார்கள். நாங்கள் எங்கள் நகரையே தாண்டியிருக்க மாட்டோம்.

சிதம்பரத்தில் இன்னும் மோசம். ஒரு தடவை தேர்த் திருவிழா முடிந்த மறுநாள், வீதி முனையில் தற்காலிகமாக வைத்த ஒருவழி போர்டை எடுக்காமல் விட்டிருந்தார்கள். தேர் நிலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஜனம் பாட்டுக்கு இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருக்கிறது. அக்கா மட்டும் அந்த போர்டுக்குக் கட்டுப்பட்டு நான்கு வீதியையும் சுற்றிக்கொண்டு வந்தார்.

"அக்கா, அது நேத்து போர்டு."

"எடுக்கலையே?"

"மறந்துட்டிருப்பாங்க."

"அவுங்க மறந்தா நானும் மறக்கணுமா?"

நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி சாய்ந்துகொண்டேன்.

ஆனால் ஒரு நாள் நான் அசந்துபோனதும் உண்மை. பெரிய முகூர்த்த நாள். திருவந்திபுரத்தில் கல்யாணங்களுக்குக் கணக்கே இருக்காது. மெயின் ரோடு அடைத்துக்கொண்டதால், வேன்கள் எல்லாம் எங்கள் நகருக்குள் புகுந்து ரவுண்டானாவில் வந்து முட்டிக்கொண்டன. ஒரு வேனில் மாப்பிள்ளை, இன்னொன்றில் நாதஸ்வர கோஷ்டி, ஒரு டாடா ஏஸ் நிறைய சீர்வரிசை. எவனும் பின்னால் போக மாட்டேன் என்கிறான். கெட்டவார்த்தை பறக்கிறது. மாப்பிள்ளை மாலையோடு இறங்கி முகூர்த்தம் போகிறது என்று அழாத குறையாக நிற்கிறான்.

அக்கா கார் கதவைத் திறந்து இறங்கினார். வளையத்தின் சிமெண்டு விளிம்பில் ஏறி நின்று மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "அடுத்தது யாரு?" என்றார். சத்தியமாக அதே கவுண்டர் குரல். ஒரு வேனைக் கையால் காட்டி, "நீங்க. சுத்திப் போங்க. நீங்க இருங்க, உங்க முறை வரும்" என்றார். ஏன் கேட்டார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேட்டார்கள். ஒவ்வொன்றாகப் பிரிந்து போனது. கடைசியில் மாப்பிள்ளை வேன் போகும்போது அவன் உள்ளேயிருந்து கும்பிட்டான். அன்றிலிருந்துதான் நகரில் ரவுண்டானா அக்கா என்ற பெயர். பாதி கேலி, பாதி மரியாதை. எனக்கு அன்று அவரை ரொம்பப் பிடித்தது.

மாமாவுக்கு மெல்ல மெல்லத் தெம்பு வந்தது. வலது காலை ஊன்றினார். வாக்கரைப் பிடித்தால் கொஞ்ச நேரம் நின்றார். இதை விட்டுவிடாதீர்கள், இடையில் நிறுத்தினால் எல்லாம் வீணாகிவிடும் என்று அந்த பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிர் வாழ்ந்தார் என்று சொன்னால் தப்பில்லை. அந்தக் காரும் அந்த ஒன்று விட்டு ஒரு நாளும் போனால் மாமா மறுபடி படுக்கைதான்.

அந்த நிலையில்தான் அந்தக் காலை. வழக்கம்போல நின்றோம், வலப்பக்கத்து வண்டிகள் போயின, நான் கெஞ்சினேன், அக்கா வண்டியை எடுத்து வளையத்தைச் சுற்ற ஆரம்பித்தார். நடப்பதை விடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். எதிர்ப்பக்கமாக, சுற்றாமல் குறுக்கே, ஒரு பைக் வந்தது. ஓட்டியவன் செல்லைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தான். அக்கா பிரேக் போட்டுக் கார் நின்றே விட்டது. நின்ற காரில் வந்து மோதி விழுந்தான். கை மணிக்கட்டு வீங்கிவிட்டது.

அடுத்த தெருப் பையன்தான். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன். அவன் அம்மா அழுதுகொண்டு ஓடி வந்தார், பின்னாலேயே தாய்மாமன் வந்தார். தாய்மாமனுக்கு பேனர் அடிக்கும் கடை. எங்கள் தெரு முனை முக்கோண போர்டை அப்போது மறைத்துக்கொண்டிருந்ததே அவர் கட்டிய பேனர்தான், அந்தப் பையனின் தங்கச்சிக்கு மஞ்சள் நீராட்டு விழா.

"என்னாம்மா இது? பையன் கைய ஒடிச்சிட்டு உள்ள உக்காந்துகிட்டு இருக்கீங்க?"

அக்கா இறங்கினார். "நான் ஒடிக்கல. நான் ரவுண்டுக்குள்ள இருந்தேன். உள்ள இருக்கறவங்களுக்குத்தான் வழி. அவுரு சுத்தி வரல, குறுக்க வந்தாரு."

"எல்லாரும் அப்படித்தாம்மா வராங்க. நீங்க ஒருத்தர்தான் சுத்துறீங்க. இது என்னா கோயிலா?"

"கோயில எந்தப் பக்கமா சுத்துவீங்க? அதே பக்கமாத்தான் இதையும் சுத்தணும். போர்டு போட்டிருக்கு."

"எங்க போர்டு?"

அக்கா நடந்து போய் பேனரின் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினார். முக்கோணம் தெரிந்தது. ஒரு நிமிஷம் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அது குடும்பக் கட்டுப்பாடும்மா" என்றது ஒரு குரல்.

"இந்த வயசுல இவுங்களுக்கு எதுக்குடா அது?" என்றது இன்னொன்று.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையனும் சிரித்தான். அக்காவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. பேனர் மூலையை மெதுவாகக் கீழே விட்டார். "நான் பாத்தேன்யா, கார் நின்னுடுச்சி, இவன்தான் போன் பேசிகிட்டு வந்து உழுந்தான்" என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை.

சிரிப்பு அடங்கியதும் தாய்மாமன் குரலை இறக்கிக்கொண்டார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார், அதுதான் கொடுமை. "இதோ பாருங்கக்கா. கேஸுன்னு போனா வண்டிய ஸ்டேஷன்ல நிறுத்திடுவாங்க. எப்ப வெளில வரும்னு சொல்ல முடியாது. நீங்களும் அவர வச்சிகிட்டு கஷ்டப்படுறீங்க, எங்களுக்குத் தெரியாதா? எங்களுக்கு வைத்தியச் செலவு கூட வாணாம். தப்பு என்னுதுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எங்க அக்கா மனசு ஆறிடும். முடிஞ்சி போச்சி."

"சொல்லாதீங்கக்கா" என்றேன். "கேஸ் போட்டா போடட்டும். நான் வந்து சாட்சி சொல்றேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "வண்டிய எத்தன நாள் வச்சிருப்பாங்க?" என்று தாய்மாமனைக் கேட்டார்.

"அது அவுங்க இஷ்டம்கா. மாசக் கணக்கா கூட நிக்கிது."

காருக்குள் மாமா நேரமாகிவிட்டது என்று டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "தப்பு என்னுதுதான்" என்றார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. எங்க அக்காவுக்குக் கேக்கல."

"தப்பு என்னுதுதான்" என்றார் மறுபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அவ்வளவுதான். தாய்மாமன் "பெரியவங்க பெரியவங்கதான்" என்று கும்பிட்டார். பையனை ஏற்றிக்கொண்டு கட்டுப் போடப் போனார்கள், கூட்டம் டீக்கடைக்குப் போனது. நாங்கள் சிதம்பரம் புறப்பட்டோம். புதுச்சத்திரம் ரயில்வே கேட்டில் நின்றபோது, "உனக்கு இன்னிக்கு ரொம்ப லேட்டாயிடுச்சி இல்ல?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா ஜன்னல் வழியாக ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் ஊரே அதை மறந்தது. கட்டுப் பிரித்த பையன் எங்கள் காரைப் பார்த்தால் சிரித்து, "வணக்கம்கா" என்று கையைத் தூக்குவான். பேனர் மாறி வேறு பேனர் வந்தது. அக்கா ஓட்டிக்கொண்டுதான் இருந்தார், அதே வேகம், அதே நிற்பு, ஒரு நாள் தவறவில்லை. அந்த வருஷம் மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் கேட் வரை நடந்தார். நான் பார்த்தேன். அக்கா பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொடாமல் நடந்து வந்தார். அந்த ஒரு வார்த்தைக்கு இது கிடைத்ததே, போகட்டும் என்று நானும் சமாதானம் ஆனேன்.

அடுத்த மழைக்காலத்தில் மாமா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள் அக்கா கார் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "யாராவது கேட்டா குடுத்துடுப்பா." எதற்கு அவசரம், கோயில் குளம் என்று நாலு இடம் போகலாமே என்றேன். "போதும்பா" என்றார். துக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். காரை ஒருத்தர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

மகள் வீட்டோடு போய் இருக்க முடிவு செய்து அக்கா கிளம்பிய அன்று, முதுநகர் ரயில்வே ஸ்டேஷன் வரை ஏற்றிவிட நானும் ஆட்டோவில் ஏறினேன். வேறு ஏரியா ஆட்டோ. வழியில் ஒரு முனையில் டிரைவர் குறுக்கே திருப்பப் பார்த்தார்.

"வலப்பக்கம் வண்டி வருது பாருப்பா. அது போவட்டும்" என்றார் அக்கா.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "என்னாக்கா, வண்டி ஓட்டத் தெரியுமா?"

"ஓட்டிகிட்டு இருந்தேன். கார்."

"இப்ப ஓட்டறதில்லையா?"

"இல்லப்பா. ஒரு பையன இடிச்சிட்டேன். கை ஒடைஞ்சி போச்சி."

"அக்கா!" என்றேன். "என்னக்கா பேசுறீங்க? நீங்க எங்க இடிச்சீங்க?"

அக்கா மடியில் இருந்த பையின் வாரைச் சரி செய்தார். "நாலு பேரு முன்னாடி சொன்னேனேப்பா. சொல்லிட்டு அப்புறமும் ஓட்டுனா நல்லாவா இருக்கும்? அவுருக்கு வேற வழி இல்ல, அதனால ஓட்டுனேன். ஒவ்வொரு தடவையும் ஸ்டீயரிங்ல கை வைக்கறப்ப எவ்ளோ கூச்சமா இருக்கும் தெரியுமா?"

நான் டிரைவர் பக்கம் குனிந்து, "இல்லப்பா, இவுங்க இடிக்கல, அந்தப் பையன்தான் தப்பா வந்தான், கார் நின்னுகிட்டு இருந்துச்சி" என்று வேகமாகச் சொன்னேன். யாரென்றே தெரியாத ஒரு மனிதரிடம், அவர் ஒருவராவது நம்பிவிட்டால் போதும் என்பது போல.

"விடு சார்" என்றார் அவர். "எது எப்படியோ, இந்த வயசுல ஓட்டாம இருக்கறதே நல்லது."

"ஆமாப்பா" என்றார் அக்கா.